ஆனி மழையில் நாவலும் முசுக்கட்டையும்: வீட்டில் காயவைக்க வழி உண்டா?

மேல்புறம் மருமகள்:
குமரி மாவட்டத்தின் மேற்கே மேல்புறத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு முசுக்கட்டை மரங்கள் நிற்கின்றன. மல்பெரி என்று சொல்லி நர்சரியில் கொடுத்தார்கள். கவாத்து செய்த பிறகு கிளை முழுக்கப் பழம். பக்கத்து விளையில் (தோட்டத்தில்) நாவல் வேறு கொட்டிக்கொண்டிருக்கிறது. உரிமையாளர் வளைகுடாவில் இருக்கிறார், பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜாம் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாயிற்று. இனி ஜாம் என்ற பேச்சே கூடாது என்று வீட்டில் உத்தரவு.

கடையில் கிரான்பெர்ரி, புளூபெர்ரி எல்லாம் உலர்ந்த பாக்கெட்டில் வருகின்றனவே, அதுபோல இவற்றையும் காயவைக்க முடியுமா? சுளவில் (முறத்தில்) பரப்பி வெயிலில் வைத்தால் இரண்டு மணி நேரத்தில் மழை வந்துவிடுகிறது. மறுநாள் புளித்த வாடை. மின்சார உலர்த்தி வாங்கலாம் என்கிறார் கணவர். அந்தக் காலத்தில் நாங்கள் வெயிலிலேயே காயவைத்தோம் என்கிறார் மாமியார். யார் பக்கம் சேருவது?

தோவாளைப் பூக்காரன்:
மாமியார் பக்கம்தான். எங்கள் வீட்டில் நெல்லிக்காயை உப்புப் போட்டு வெயிலில் காயவைத்து வருடம் முழுவதும் வைத்திருப்போம். எந்த இயந்திரமும் கிடையாது. இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு பெட்டி வாங்கி வீட்டில் வைப்பது வழக்கமாகிவிட்டது.

மிளகுக்கொடி (குலசேகரம்):
தோவாளை அண்ணன் சொல்வது தோவாளைக்குப் பொருந்தும். மேல்புறத்துக்குப் பொருந்தாது, ஆனி மாதத்தில் சுத்தமாகப் பொருந்தாது.

வெயில் செய்யும் வேலை பாதிதான். பழத்திலிருந்து வெளியேறும் நீரை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டும். வெயிலில் பழம் காயவைக்க வெப்பம் 30 டிகிரிக்கு மேலும், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கிய பிறகு மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பக்கத்தில் ஈரப்பதம் அந்த அளவுக்கு இறங்குகிற நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பகலில் விட்ட நீரைப் பழம் இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதற்குள் பூஞ்சை குடியேறிவிடும்.

பெரியவர்கள் எதை எப்போது காயவைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நெல்லி மார்கழியை ஒட்டிச் சந்தையில் குவியும். தை, மாசி வெயில் அதற்குக் கைகொடுக்கும். மிளகும் அந்தப் பருவம்தான். மழையில் பழுப்பது குடம்புளி. அதை யாரும் வெயிலை மட்டும் நம்பி விட்டதில்லை. பிளந்து அடுப்புப் பரணில் ஏற்றிப் புகையில் கறுக்க வைத்தார்கள். நாவலை யார் காயவைத்தார்கள்? தின்றார்கள், மிஞ்சியதை வௌவாலுக்கு விட்டார்கள், சிலர் வினிகர் போட்டார்கள், கொட்டையை மட்டும் காயவைத்துப் பொடித்தார்கள். மாமியாரிடம் ‘நீங்கள் காயவைத்தது எது, எந்த மாதம்?’ என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

மேல்புறம் மருமகள்:
கேட்டேன். மாங்காய் வற்றல், பங்குனி மாதம். கேள்வி எங்கிருந்து வந்தது என்று எதிர்க்கேள்வியும் வந்தது.

திருவட்டாறு ரப்பர்:
எங்களிடம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரை இருக்கிறது. உள்ளே 40 முதல் 60 டிகிரி வரை சூடு. மழைக்காலத்தில் இதைவிட உலர்ந்த இடம் இந்த வட்டாரத்தில் வேறெங்கே கிடைக்கும்? ஒரு மூலையில் தட்டு வைத்து நாவலை ஏற்றினால் என்ன? குடம்புளிக்குப் புகை ஆகும் என்றால் நாவலுக்கு ஏன் ஆகாது?

மிளகுக்கொடி (குலசேகரம்):
அண்ணன், வேண்டவே வேண்டாம். குடம்புளி மீன்குழம்பில் ஒன்றிரண்டு சுளை போடுவது; அந்தப் புகைமணம் குழம்புக்கு வேண்டியதுதான். நாவலைக் கைநிறைய அள்ளித் தின்னப் போகிறோம். ஷீட்டிலிருந்து வரும் ஆவியும் விறகுப் புகையின் பிசினும் பழத்தின் ஈரத் தோலில் அப்படியே படியும். வாடை ஒருபுறம் இருக்கட்டும், புகையின் கரியில் புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் இருக்கின்றன. ரப்பர் உலர்த்தும் அறையில் தின்பண்டம் கூடாது.

திருவட்டாறு ரப்பர்:
சரி, சூடு மட்டும் போதும் என்றால்?

காப்புக்காடு மாணவி:
நான் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறேன். ‘சூடு மட்டும்’ என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 28 டிகிரி வெப்பத்தில் 85 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 55 டிகிரிக்குச் சூடாக்கினால், அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 20 சதவீதமாக இறங்கிவிடும். காற்றில் உள்ள நீர் எங்கும் போகவில்லை. சூடான காற்று அதிக நீரைத் தாங்கும், அவ்வளவுதான். மின்சார உலர்த்தி செய்வது இந்த ஒரு வேலைதான்: வெளிக்காற்றை இழுத்து, சூடாக்கி, பழத்தின் மேல் ஓடவிட்டு, வெளியே தள்ளுகிறது. தள்ளுவது முக்கியம். ஒரு கிலோ நாவல் சதை காயும்போது ஏறக்குறைய 800 மில்லி நீர் ஆவியாகிறது. கதவு சன்னல் எல்லாம் சாத்திய சமையலறையில் வைத்தால் அந்த ஆவியையே மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும்.

பெர்ரி வகைகளுக்கு 55 முதல் 60 டிகிரி போதும். சீக்கிரம் முடியட்டும் என்று தொடக்கத்திலேயே 75, 80 என்று ஏற்றினால் மேல்தோல் இறுகிவிடும், உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். பார்வைக்கு உலர்ந்ததுபோல இருக்கும், டப்பாவில் ஒரு வாரத்தில் பூஞ்சை. வீட்டு ஓவனில் செய்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை; பல ஓவன்களில் மிகக் குறைந்த நிலையே 70க்கு மேல். ஓவன்தான் இருக்கிறது என்றால் கதவை நான்கு விரல் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு மேசை விசிறியை ஓடவிடுங்கள். எரிவாயு ஓவனில் இதைச் செய்ய வேண்டாம், குழந்தைகள் ஓடும் வீட்டிலும் வேண்டாம்.

மேல்புறம் மருமகள்:
மின்கட்டணம் எகிறுமா? அதுதான் இங்கே அடுத்த சண்டை.

காப்புக்காடு மாணவி:
500 வாட் கருவி 14 மணி நேரம் முழுச் சக்தியில் ஓடினால் 7 யூனிட். சூடு எட்டியதும் தானாக அணைந்து எரியும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையும். இலவச யூனிட் போக உங்கள் பயன்பாடு எந்தக் கட்டண அடுக்கில் நிற்கிறது என்பதைப் பொறுத்துச் செலவு மாறும். வருடத்தில் சில தடவை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தட்டுகளை நிரப்பி ஓட்டுங்கள். ஒரு தட்டுக்கும் ஐந்து தட்டுக்கும் மின்சாரம் பெரிதாக வேறுபடாது.

ஆரல்வாய்மொழி காற்று:
எல்லோரும் மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தையே பேசுகிறீர்கள். கிழக்கே வாருங்கள். தென்மேற்குக் காற்று மழையை மலையின் அந்தப் பக்கம் இறக்கிவிட்டுக் கணவாய் வழியாக எங்களிடம் வருகிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஆனி, ஆடியில் நனைந்த பெட்ஷீட் கொடியில் ஒரு மணி நேரத்தில் விறைத்துவிடும். பழத்தையும் இங்கே காயவைக்கலாம், வெயில் கூட வேண்டாம், நிழலே போதும். திராட்சையை நாசிக், சாங்கிலி பக்கம் கொட்டகை நிழலில்தான் காயவைக்கிறார்கள்.

சிக்கல் தூசி. காற்று எவ்வளவு வேகமோ அவ்வளவு மண். மெல்லிய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக நான்கு பக்கமும் இழுத்துக் கட்டாவிட்டால் பழத்தோடு மணலும் மெல்ல வேண்டியதுதான். தட்டையே காற்று தூக்கிக்கொண்டு போகும், அதையும் கட்ட வேண்டும்.

மேல்புறம் அக்கா, பழத்தைப் பஸ்ஸில் கொடுத்து அனுப்புங்கள், காயவைத்துத் தருகிறேன். பாதி எனக்கு.

மிளகுக்கொடி (குலசேகரம்):
பஸ் நாகர்கோவில் வடசேரி வருவதற்குள் முசுக்கட்டை சாறாகிவிடும் மக்களே.

நட்டாலம் நர்ஸ் (அயர்லாந்து):
இங்கே ஆகஸ்ட், செப்டம்பரில் சாலையோர வேலிகளில் பிளாக்பெர்ரி காய்த்துக் கிடக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். நானும் காயவைத்திருக்கிறேன். வெயிலை நம்பும் பேச்சே இந்த நாட்டில் இல்லை, உலர்த்திதான். ஆனால் எல்லாப் பெர்ரியும் முழுசாகக் காய்வதற்கு ஏற்றதல்ல. பிளாக்பெர்ரி, ராஸ்பெர்ரி இரண்டும் காய்ந்தபின் விதைதான் மிஞ்சுகிறது, பல்லிடுக்கில் போகும். அவற்றை மசித்து, வடிகட்டி, தட்டில் மெல்லிசாகப் பூசிக் காயவைத்து உரித்தெடுத்தால் அருமையாக இருக்கும். ஊரில் மாம்பழக் கூழைப் பாயில் அடுக்கடுக்காகப் பூசுவார்களே, அதே முறைதான். நாவலுக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம்.

புளூபெர்ரிக்கு வேறு தொல்லை. தோலில் மெழுகு இருக்கிறது; அப்படியே வைத்தால் நாள் கணக்கில் உப்பிக்கொண்டே நிற்கும். கொதிக்கும் நீரில் அரை நிமிடம் முக்கி உடனே குளிர்ந்த நீரில் போட்டால் தோலில் நுண்ணிய வெடிப்புகள் விழும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும்.

மிளகுக்கொடி (குலசேகரம்):
நாங்கள் மிளகுக்குச் செய்வதும் அதுதான். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறித்து, உதிர்த்து, கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் சீராகக் கறுக்கும், சீக்கிரம் காயும். 100 கிலோ பச்சை மிளகு ஏறக்குறைய 33 கிலோவாக நிற்கும். ஈரம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும்வரை மூட்டை கட்டக் கூடாது.

நர்ஸ் அக்கா சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். நாவல் கூழில் துவர்ப்பு கூடிவிடாதா?

நட்டாலம் நர்ஸ் (அயர்லாந்து):
கூடும். அதனால்தான் நன்றாகப் பழுத்துக் கறுத்த பழம் மட்டும். சிவப்பு ஓடும் பழத்தைச் சேர்த்தால் தொண்டை பிடிக்கும். கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்த்தால் துவர்ப்பு அடங்கும், உரிக்கும்போது கிழியாமலும் வரும். உங்கள் ஊரில் வாழைக்கா பஞ்சம்?

மிளகுக்கொடி (குலசேகரம்):
மட்டிப்பழம் சேர்த்துப் பார்க்கலாம். மணம் தூக்கலாக இருக்கும், நாவலை அமுக்கிவிடாமல் இருந்தால் சரி.

காப்புக்காடு மாணவி:
இப்போது அக்காவின் இரண்டு பழங்களுக்கு வருகிறேன்.

முசுக்கட்டைக்குத் தோல் மெல்லிசு, மெழுகு இல்லை. கொதிநீரில் முக்கத் தேவையில்லை, முக்கினால் குழைந்துவிடும். ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி நாடுகளில் இதைக் காயவைத்துத் தின்பது பழைய வழக்கம். அங்கே வறண்ட கோடை இருப்பதால் துணி விரித்து வெயிலிலேயே முடித்துவிடுகிறார்கள். இங்கே விடிகாலையில் பறித்து, ஓடும் நீரில் ஒரு அலசு அலசி, காம்பைக் கத்தரியால் நறுக்கி, விசிறிக்கடியில் மேலீரம் போக வைத்து உடனே தட்டில் ஏற்ற வேண்டும். மதியம்வரை பாத்திரத்தில் குவித்து வைத்தால் அடியில் உள்ளது புளிக்கத் தொடங்கிவிடும். நீங்கள் சொன்ன வாடையில் பாதி அங்கேயே வந்திருக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். 57 டிகிரியில் 12 மணி நேரத்துக்குக் குறையாது, பருத்த பழம் என்றால் ஒரு முழு நாளும் பிடிக்கும்.

நாவலை முழுசாக வைக்கவே கூடாது. கொட்டையைச் சுற்றி ஈரம் அடையும். நீளவாக்கில் கீறி, கொட்டை எடுத்து, வெட்டுமுகம் மேலே பார்க்க அடுக்குங்கள். பாதி காய்ந்ததும் ஒருமுறை திருப்பிப் போடுங்கள். எவர்சில்வர் கத்திதான், இரும்பு அரிவாள்மணை பட்டால் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கறுப்பும் இரும்பு வாடையும் வரும், நெல்லியில் இன்னும் மோசம்.

அவசரம் இல்லையென்றால் இன்னொரு வழி. கொட்டை எடுத்த நாவலை ஃப்ரீசரில் உறையவைத்து, சேரச்சேர ஒரே ஓட்டமாக உலர்த்துங்கள். உறைந்து இளகும்போது பழத்தின் உட்சுவர்கள் உடைந்துவிடுவதால் காயும் நேரமும் குறையும். தை மாதம்வரை வைத்திருந்து வெயிலுக்கே கொடுத்தாலும் தப்பில்லை, மாமியாரும் மகிழ்வார்.

தோவாளைப் பூக்காரன்:
கடைசியில் தை வெயிலுக்குத்தான் வந்தீர்கள்.

காப்புக்காடு மாணவி:
நீங்கள் சொன்ன நெல்லியும் அந்த வெயிலில் காய்ந்ததுதானே அண்ணா.

குளச்சல் கடலோரம்:
கடற்கரை ஆட்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் மொட்டைமாடியில் வைத்தால் உப்புக்காற்று படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். கருவாட்டுக்கு அது பரவாயில்லை, அதிலேயே உப்பு கிடக்கிறது. அதுவுமே இந்த மாதங்களில் ஒழுங்காகக் காயாது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால் காயவைக்க மீனும் குறைவு. பழம் காயவைத்து எடுத்த உடனே, சூடு ஆறியதும் மூடிவிடுங்கள். தட்டோடு இரவு முழுக்க வெளியில் விட்டால் காலையில் பிசுபிசுவென்று ஒட்டும்.

வெயில்பெட்டி (அழகியபாண்டியபுரம்):
மின்சாரம் இல்லாமல் செய்ய நினைப்பவர்களுக்கு: மரப்பெட்டி, அடியில் கறுப்புப் பெயின்ட் அடித்த தகரம், மேலே கண்ணாடி அல்லது கெட்டி பாலித்தீன், கீழே காற்று நுழைய ஒரு துவாரம், மேலே வெளியேற ஒரு துவாரம், இரண்டிலும் கொசுவலை. மழை வந்தாலும் நனையாது, ஈ நுழையாது, நேர் வெயில் படாமல் உள்தட்டை மறைத்துவிட்டால் நிறமும் மங்காது. இணையப் படங்களைப் பார்த்துப் பெட்டியைத் தெற்கே சாய்க்கிறார்கள். நாம் இருப்பது 8 டிகிரி வட அட்சத்தில். ஆனி மாத நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். இப்போது வைப்பதானால் லேசாக வடக்கே சாய்த்து வையுங்கள். தெற்குச் சாய்வு மார்கழி, தை மாதங்களுக்கு.

மேகம் மூடிய நாளில் இந்தப் பெட்டி வெறும் பெட்டிதான், மறைப்பதற்கில்லை.

மேல்புறம் மருமகள்:
சர்க்கரைப் பாகில் ஊறவைத்துக் காயவைத்தால் நன்றாக இருக்குமா? கடை கிரான்பெர்ரி இனிக்கிறதே.

நட்டாலம் நர்ஸ் (அயர்லாந்து):
கிரான்பெர்ரி கடும் புளிப்பு. இனிப்பு ஏற்றாமல் விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் ஏற்றுகிறார்கள். முசுக்கட்டைக்கு அது தேவையே இல்லை. நெல்லிக்குச் செய்யலாம்: ஆவியில் வேகவைத்துச் சுளை பிரித்து, எடைக்கு எடை சர்க்கரையில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, வடித்துக் காயவைத்தால் கேண்டி.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாவல் சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நம்பிக்கையில் காய்ந்த நாவலைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்னக் கூடாது. கால் கிலோ சதை காய்ந்தால் 50 கிராம் அளவுக்குச் சுருங்கும்; பழத்தின் சர்க்கரை அத்தனையும் அந்த 50 கிராமில்தான் இருக்கும். வைட்டமின் சி-யும் சூட்டில் பெருமளவு போய்விடும். மருந்து என்று நினைக்காமல் தின்பண்டம் என்று நினைத்துக் கொஞ்சமாகத் தின்னுங்கள்.

குளச்சல் கடலோரம்:
எங்கள் வீட்டில் புளிச்சிக்காய் (பிலிம்பி) வற்றலும் போடுவோம், மீனுக்கு. அதுவும் பழமாகவே தின்ன நல்லதா?

நட்டாலம் நர்ஸ் (அயர்லாந்து):
குழம்புக்குப் போடும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புளிச்சிக்காயில் ஆக்சலேட் அதிகம். கொழுப்பு குறையும் என்று அதன் சாற்றை நிறையக் குடித்து சிறுநீரகம் பழுதானவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள், மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

மேல்புறம் மருமகள்:
எவ்வளவு காய்ந்தால் போதும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? வற்றல்போல நொறுங்க வேண்டுமா?

காப்புக்காடு மாணவி:
நொறுங்க வேண்டாம். ஒன்றை எடுத்து ஆறவிட்டுக் கிழித்துப் பாருங்கள். சூடாக இருக்கும்போது எல்லாமே மென்மையாகத்தான் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள். கிழித்த இடத்தை அழுத்தினால் ஈரம் மினுங்கக் கூடாது. கைப்பிடி அளவு எடுத்து அழுத்தி விட்டால் ஒன்றோடொன்று ஒட்டாமல் உதிர வேண்டும். அப்போது 20 சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கும்.

அதன்பிறகு நேராக அலமாரிக்குக் கொண்டுபோகக் கூடாது. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி மூடி, ஒரு வாரம் பத்து நாள் தினமும் குலுக்குங்கள். சில பழம் அதிகம் காய்ந்திருக்கும், சில குறைவாக இருக்கும். உள்ளேயே ஈரம் பரவிச் சமமாகும். பாட்டிலின் உட்புறம் நீர்த்துளி பூத்தால் எல்லாவற்றையும் மறுபடி உலர்த்தியில் ஏற்றுங்கள். பூஞ்சை கண்டால் அந்தப் பாட்டிலையே கொட்டிவிடுங்கள், மேலாக மட்டும் எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் காயவைத்ததில் பூச்சி முட்டை இருக்கலாம். உறைநிலைக்குக் கீழ் 18 டிகிரியில் 48 மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டைகள் செத்துவிடும்.

திருவட்டாறு ரப்பர்:
விற்கலாம் என்று மனைவி சொல்கிறாள். எங்கள் நாவலும் வீணாகத்தான் போகிறது.

மிளகுக்கொடி (குலசேகரம்):
வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் அண்ணன். முதலில் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேளுங்கள். பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, உங்களுக்கு அதுதான் பக்கம். விலை போடும்போது மட்டும் கவனம்: கொட்டையும் நீரும் போனபின் ஐந்து கிலோ நாவல் ஒரு கிலோ காய்ந்த பழம்கூட ஆகாது.

மேல்புறம் மருமகள்:
உலர்த்தி வாங்குவது என்று முடிவாகிவிட்டது. நாவலில் பாதி ஃப்ரீசருக்குப் போகிறது, தையில் மாமியார் மேற்பார்வை. உலர்த்தியோடு வரும் தட்டில் ஓட்டை பெரிதாக இருக்கிறது, முசுக்கட்டை கீழே விழும்போல. வீட்டில் கோழிக்கூட்டுக்கு வாங்கிய சிறு கண் கம்பிவலை மிச்சம் இருக்கிறது, அதை வெட்டிப் போடலாமா?

காப்புக்காடு மாணவி:
போடாதீர்கள் அக்கா. அது துத்தநாகம் பூசிய கம்பி. பழத்தின் புளிப்பு துத்தநாகத்தைக் கரைத்துப் பழத்தில் இறக்கிவிடும். அலுமினிய வலையும் புளிப்புக்கு ஆகாது. எவர்சில்வர் வலை வாங்குங்கள், அல்லது உணவுக்குரிய சிலிக்கான் வலைவிரிப்பு; தட்டின் அளவுக்குக் கத்தரித்துக்கொள்ளலாம். கூழ் பூசுவதற்கு மட்டும் ஓட்டையில்லாத விரிப்பு வேண்டும், பட்டர் பேப்பரும் போதும். முசுக்கட்டைக் கறை சிலிக்கானில் கொஞ்சம் தங்கும், அதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம்.